திருகோணமலையில் நீண்டகால நோய்க்கு அரச ஆரம்பச் சிகிச்சையைப் பெற்றுத் தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

நீரிழிவு, உயர் குருதி அழுத்தம், கொலஸ்ரோல், நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றுக்கு அரசாங்கம் தரும் சிகிச்சை இலவசமானது. ஆனால் அது தானாக வீடு தேடி வருவதில்லை. எந்தக் கதவை முதலில் தட்டுவது, எந்தக் கடதாசியை எப்போது நீட்டுவது என்பது தெரியாமல் பலர் நடுவழியில் விட்டுவிடுகிறார்கள். திருகோணமலை மாவட்டத்தில் வாழும் ஒருவர், அல்லது அவருக்காக அலையும் மகனோ மகளோ, வரிசைப்படி செய்ய வேண்டியவற்றை ஒவ்வொன்றின் காரணத்தோடும் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்தின் அளவை முடிவுசெய்வது வைத்தியரின் வேலை. அந்த வைத்தியரைச் சரியான ஆயத்தத்தோடு, இடைவெளியின்றிச் சந்திப்பது நம்முடைய வேலை.

1. முதலில் வீட்டுக்கு அருகிலுள்ள நிலையத்தை அடையாளம் காணுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் நேரே திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய் நிற்கிறார்கள். பெரிய இடத்தில் நல்ல வைத்தியம் கிடைக்கும் என்ற எண்ணம் இயல்பானதே. ஆனால் நீண்டகால நோய்க்கு மாதந்தோறும் போய்வர வேண்டும். வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ பஸ் ஏறி நகரத்துக்குப் போய்வருபவர், முதல் நான்கைந்து மாதங்கள் ஒழுங்காகப் போவார். பிறகு ஒரு மாதம் தவறும், அதன்பின் மருந்தும் நின்றுவிடும்.

ஆகவே உங்கள் ஊரின் ஆரம்ப மருத்துவப் பராமரிப்புப் பிரிவிலோ பிரதேச வைத்தியசாலையிலோ தொடங்குங்கள். நீரிழிவையும் குருதி அழுத்தத்தையும் கட்டுப்படுத்துவதற்கான அடிப்படை மருந்துகள் அங்கே கிடைக்கும். அங்கு தீராததற்குக் கிண்ணியா, மூதூர், கந்தளாய் போன்ற இடங்களிலுள்ள ஆதார வைத்தியசாலைகளும், அதற்கு மேல் மாவட்டப் பொது வைத்தியசாலையும் இருக்கின்றன. சிறிய நிலையங்கள் ஒரு பெரிய வைத்தியசாலையைச் சுற்றி இணைந்து இயங்கும் ஏற்பாட்டையே சுகாதார அமைச்சு வளர்த்து வருகிறது. அதனால் கீழுள்ள நிலையத்து வைத்தியரின் கடிதத்தோடு மேலே போகிறவருக்கு வழி எளிதாகிறது.

எந்த நிலையம் உங்களுக்குரியது என்பது தெரியாவிட்டால், உங்கள் பகுதிக் குடும்ப நல உத்தியோகத்தரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் சொல்வார்கள்.

2. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தேசிய அடையாள அட்டை, தொடர்பு கொள்ளக்கூடிய ஒரு தொலைபேசி இலக்கம், பழைய பரிசோதனை முடிவுகள், இப்போது பாவிக்கும் எல்லா மருந்துகளும் அவற்றின் உறைகளோடு. இவற்றை ஒரே பையில் வையுங்கள்.

மருந்துகளை வாயால் சொல்வதைவிடக் கையில் கொண்டுபோவது மேல். “வெள்ளைக் குளிசை ஒன்று, காலையில் போடுவேன்” என்று சொன்னால் வைத்தியரால் ஒன்றும் செய்ய முடியாது. தனியார் மருத்துவரிடம் வாங்கியவை, வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பியவை, சித்த ஆயுர்வேத மருந்துகள் ஆகியவற்றையும் மறைக்காமல் காட்டுங்கள். மூட்டுவலிக்கென்று கடையில் வாங்கிப் போடும் டைக்குளோபினக் போன்ற வலி நிவாரணிகளைக் கட்டாயம் சொல்லுங்கள். அவை குருதி அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. நீரிழிவால் தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கக்கூடியவை.

குடும்ப வரலாற்றையும் ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். தாய், தந்தை, உடன்பிறந்தோரில் யாருக்கு நீரிழிவு, மாரடைப்பு, பாரிசவாதம், சிறுநீரக நோய் வந்தது, எந்த வயதில் வந்தது என்பவை போதும். வரிசையில் நிற்கும் பதற்றத்தில் இவை நினைவுக்கு வருவதில்லை.

3. நோய் இல்லை என்று நினைப்பவரும் பரிசோதனைக்குப் போகலாம்

ஆரோக்கிய வாழ்க்கை நிலையம் என்ற பெயரில் அரச வைத்தியசாலைகளிலும் ஆரம்பச் சிகிச்சைப் பிரிவுகளிலும் ஒரு தனிச் சேவை நடைபெறுகிறது. முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்கள் நோய் அறிகுறி எதுவும் இல்லாமலே அங்கு போகலாம். வயது குறைவாக இருந்தாலும், உடற்பருமன், புகைப்பழக்கம், குடும்பத்தில் நீரிழிவு போன்ற காரணங்கள் இருந்தால் கேட்டுப் பார்க்கலாம்.

அங்கே உயரம், நிறை, இடுப்புச் சுற்றளவு, குருதி அழுத்தம், குருதிச் சீனி, வசதியுள்ள இடத்தில் கொலஸ்ரோல் ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கத்தை விசாரித்து வாயையும் பரிசோதிப்பார்கள். பிறகு வயது, பால், புகைப்பழக்கம், அழுத்தம், சீனி ஆகியவற்றை ஓர் அட்டவணையில் பொருத்தி, அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பாரிசவாதமோ வரக்கூடிய வாய்ப்பைக் கணிப்பார்கள். மருந்து தேவையா, உணவும் நடையும் போதுமா என்பதை அந்தக் கணிப்பைப் பார்த்தே முடிவுசெய்வார்கள். எனவே புகைக்கிறேன் என்பதை வெட்கப்பட்டு மறைத்தால் கணிப்பே பிழைத்துவிடும்.

பெண்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் சுகவனிதையர் கிளினிக் இன்னொரு வாசல். முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுகளில் அங்கு போகும்போது கருப்பைக் கழுத்துப் பரிசோதனையோடு அழுத்தமும் சீனியும் பார்க்கப்படும். வீட்டில் எல்லோரையும் வைத்தியசாலைக்கு அழைத்துப் போகும் அம்மா, தன்னை மட்டும் பரிசோதித்துக்கொள்ளாமலே இருந்துவிடுவதை நான் அடிக்கடி காண்கிறேன்.

4. பரிசோதனைக்குச் சரியாக ஆயத்தமாகுங்கள்

இந்தப் படியில்தான் அதிகமானோர் தவறுகிறார்கள். தவறிய பரிசோதனை பயனற்றது என்பதோடு நிற்பதில்லை. வைத்தியரைத் தவறான மருந்து அளவுக்கும் கொண்டுபோகும்.

வெறும் வயிற்றுக் குருதிச் சீனிக்குக் குறைந்தது எட்டு மணித்தியாலம் எதுவும் உண்ணக்கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சீனி போடாத தேநீரும் கூடாது, பாலும் கூடாது, வெற்றிலை போடுவதும் கூடாது. காலையில் போடும் நீரிழிவுக் குளிசையையும் இன்சுலினையும் இரத்தம் கொடுத்து, சாப்பிடும் நேரம் வந்த பிறகே எடுக்க வேண்டும். முன்னதாகவே எடுத்துவிட்டுப் பசியோடு வரிசையில் நின்றால் சீனி இறங்கி மயக்கம் வரும். அழுத்தக் குளிசையை வழமையான நேரத்தில் தண்ணீரோடு எடுக்கலாமா என்பதை முதல் தடவையிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எடுக்கவே சொல்வார்கள். அதை நிறுத்திவிட்டு வந்து, அழுத்தம் ஏறிக் காட்டி, மருந்தைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் பலர்.

இரத்தம் கொடுத்தவுடன் சாப்பிடுவதற்கு வீட்டிலிருந்தே இடியப்பமோ ரொட்டியோ கட்டிக்கொண்டு போங்கள். உணவுக்குப் பிந்திய பரிசோதனையும் எழுதப்பட்டிருந்தால், சாப்பிடத் தொடங்கிய நேரத்தைக் குறித்து, சரியாக இரண்டு மணித்தியாலத்தில் இரத்தம் கொடுங்கள். அன்று மட்டும் அரைவயிற்றுக்குச் சாப்பிடுவதில் பயனில்லை. வழமையாக உண்பதை உண்டால்தான் வழமையான அளவு தெரியும்.

குருதி அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணித்தியாலத்துக்குத் தேநீர், புகை, வெற்றிலை வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களை நிலத்தில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் இருந்த பிறகு பாருங்கள். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் ஓடிவந்த மூச்சோடு கையை நீட்டினால் கிடைக்கும் எண் உங்களுடைய உண்மையான அழுத்தம் அன்று.

5. எண்களைப் புரிந்துகொள்ளுங்கள், ஒரு எண்ணால் முடிவுசெய்யாதீர்கள்

வெறும் வயிற்றில் குருதிச் சீனி ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் நீரிழிவு என்று கொள்வார்கள். ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் அதே பொருள் தரும். குருதி அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் நீடித்திருந்தால் உயர் அழுத்தம். அறிகுறி இல்லாதவருக்கு ஒரு தடவை வந்த எண்ணை வேறொரு நாளில் மறுபடி பார்த்தே உறுதிசெய்வார்கள். மீண்டும் வரச் சொல்வதை அலைக்கழிப்பாக எண்ணிப் போகாமல் விடுவது பெரும் தவறு.

எச்.பி.ஏ.1.சி. எல்லாச் சிறிய நிலையங்களிலும் செய்யப்படுவதில்லை. வெளியில் செய்யச் சொன்னால், அரச வைத்தியசாலை ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வழி உண்டா என்று முதலில் பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் குறித்த நாட்களில் மாதிரியை எடுத்து அனுப்புவார்கள்.

6. கிளினிக்கில் பதிவுசெய்து, கொப்பியைப் பாதுகாத்துக்கொள்ளுங்கள்

நோய் உறுதியானதும் வெளிநோயாளர் பிரிவில் ஒவ்வொரு முறையும் புதுத் துண்டு எடுத்து மருந்து வாங்குவதை நிறுத்தி, கிளினிக்கில் பதிவுசெய்யச் சொல்லிக் கேளுங்கள். வெளிநோயாளர் பிரிவில் அன்றைய வைத்தியர் அன்றைய முறைப்பாட்டைப் பார்ப்பார். சில நாட்களுக்கான மருந்தே கிடைக்கும். கிளினிக்கில் பதிவுசெய்தவருக்கு ஒரு கொப்பியும் அடுத்த திகதியும் வழமையாக ஒரு மாதத்துக்கான மருந்தும் கிடைக்கும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் ஆண்டுக்கணக்காகத் துண்டோடு அலைபவர்கள் உண்டு.

கணினிப் பதிவு வந்துவிட்ட நிலையங்களில் தனிநபர் சுகாதார இலக்கம் ஒன்றும் தருவார்கள். அந்த இலக்கத்தைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி, கைத்தொலைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். கொப்பிக்கு பொலித்தீன் உறை போடுங்கள். வெருகல், மூதூர்ப் பக்கம் மாரி வெள்ளம் வரும்போது இழக்கக்கூடாத ஆவணங்களில் இதுவும் ஒன்று. ஒவ்வொரு கிளினிக் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டால், கொப்பி தொலைந்தாலும் சிகிச்சை தொலையாது.

ஒரு நோய்க்கு ஓர் இடத்தில் மட்டும் பதிவுசெய்யுங்கள். மருந்துக்குத் தட்டுப்பாடு வரலாம் என்ற பயத்தில் ஊர்க் கிளினிக்கிலும் நகரக் கிளினிக்கிலும் இரண்டு கொப்பி வைத்திருப்பவர்கள், லொசாட்டன் என்ற ஒரே அழுத்தக் குளிசையை இரண்டு உறைகளில் வாங்கி இரண்டையும் விழுங்குகிறார்கள். அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கித் தலைசுற்றி விழுந்த முதியவர்களின் பையில் இப்படி இரட்டை உறைகளைக் கண்டிருக்கிறேன்.

7. கிளினிக் நாளின் ஒழுங்கு

இலக்கம் எடுத்தல், கொப்பி கொடுத்தல், நிறையும் அழுத்தமும் பார்த்தல், வைத்தியர், மருந்தகம் என்பது வழமையான வரிசை. பரிசோதனை முடிவுகளை வைத்தியரிடம் போகும் முன்பே கொப்பியில் ஒட்டிவிடுங்கள். கிளினிக் அன்று இரத்தம் கொடுத்து அன்றே முடிவை எதிர்பார்ப்பதைவிட, சில நாட்கள் முன்னதாகவே பரிசோதித்து வைத்திருப்பது நல்லது. முடிவு இல்லாமல் போனால் வைத்தியர் பழைய மருந்தையே மீண்டும் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

சொல்ல வேண்டிய மூன்று விடயங்களை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்: புதிதாக வந்த தொல்லை, தவறவிட்ட மருந்து, கேட்க விரும்பும் கேள்வி. மருந்தை ஒழுங்காகப் போடவில்லை என்றால் அதை உண்மையாகச் சொல்லுங்கள். “ஒழுங்காகப் போடுகிறேன்” என்ற ஒரு பொய், தேவையில்லாத இன்னொரு குளிசையைக் கொண்டுவரும். வைத்தியர் சிங்களம் மட்டுமே பேசுபவராக இருந்தால், தாதியிடம் உதவி கேட்கத் தயங்க வேண்டாம்; முடிந்தால் மொழி தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். புரியாமல் தலையாட்டிவிட்டு வருவது ஆபத்தானது.

கிளினிக் நாள் போயா தினத்திலோ வேறு அரச விடுமுறையிலோ விழுந்தால், எந்த நாளுக்கு மாறும் என்பதை முந்திய தடவையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

8. மருந்தை வாங்கும் இடத்திலேயே சரிபாருங்கள்

மருந்தகத்திலிருந்து நகர்வதற்கு முன் ஒவ்வொரு உறையையும் திறந்து, காலை, பகல், இரவு எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று தமிழில் எழுதித் தரும்படி கேளுங்கள். அல்லது நீங்களே அங்கேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு எல்லா உறையும் ஒன்றுபோலத் தெரியும்.

அரசாங்கம் கொள்வனவு செய்யும் நிறுவனம் மாறும்போது குளிசையின் நிறமும் வடிவமும் மாறும். இது வேறு மருந்து என்று எண்ணிப் பழையதோடு சேர்த்துப் போடுபவர்களும், நம்பாமல் எறிந்துவிடுபவர்களும் இருக்கிறார்கள். நிறத்தை நம்பாமல் உறையில் உள்ள பெயரைப் பாருங்கள்; மெற்போமின், அம்லோடிபின், அற்றோவாஸ்ரற்றின் என்று உங்கள் மருந்துகளின் பெயர்களை வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு மருந்து கையிருப்பில் இல்லை என்றால் வெளியே வாங்கச் சீட்டு எழுதித் தருவார்கள். மருந்தின் பொதுப்பெயரில் எழுதித் தரச் சொல்லுங்கள். அரச ஒசுசலவிலும் தனியார் மருந்துக்கடையிலும் அதே மருந்தின் விலை குறைந்த வகையைக் கேட்டு வாங்க அது உதவும். பணமில்லாவிட்டால் பேசாமல் போய்விடாதீர்கள். கையிருப்பில் உள்ள மாற்று மருந்து உண்டா என்று வைத்தியரிடமே திரும்பிப் போய்க் கேளுங்கள்.

பக்கவிளைவுக்காக மருந்தை நீங்களே நிறுத்த வேண்டாம். எனலாபிரில் எடுப்பவருக்கு வறட்டு இருமல், அம்லோடிபின் எடுப்பவருக்குக் கால் வீக்கம், மெற்போமின் தொடங்கும்போது வயிற்றுக் குழப்பம் ஆகியவை வரலாம். இவை ஒவ்வொன்றுக்கும் மாற்றுவழி இருக்கிறது. அழுத்தமோ சீனியோ சரியான அளவுக்கு வந்துவிட்டது என்பதற்காக நிறுத்துவதும் கூடாது. மருந்தைப் போடுவதால்தான் அது அந்த அளவில் நிற்கிறது.

இன்சுலின் பாவிப்பவர்கள், திறக்காத குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில், இரண்டு முதல் எட்டு பாகை செல்சியஸில் வையுங்கள். உறையும் தட்டில் வைத்தால் அது கெட்டுவிடும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் நிரப்பிய சட்டிக்குள் சிறு மண்பானையை வைத்து, அதற்குள் குப்பியை நிழலில் வைத்தால் வெப்பம் கணிசமாகக் குறையும். வாங்கிவரும் வழியில் பனிக்கட்டியோடு நேரே ஒட்ட வைக்காதீர்கள். இடையில் துணி சுற்றுங்கள். பாவித்த ஊசியைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் சேர்த்து, நிலையத்தில் எங்கு ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

9. ஆண்டுதோறும் கேட்டுப் பெற வேண்டியவை

சீனி எண் ஒன்றையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கண்ணும் சிறுநீரகமும் காலும் சத்தமின்றிக் கெடுகின்றன. நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கு ஒரு தடவையாவது விழித்திரைப் பரிசோதனை, சிறுநீரில் புரதம், சிறுநீரகம் வேலைசெய்யும் அளவைக் காட்டும் குருதிக் கிரியற்றினின், பாத உணர்வுப் பரிசோதனை, கொலஸ்ரோல் ஆகியவற்றைச் செய்ய வேண்டும். கூட்டம் அதிகமான கிளினிக்கில் இவை தவறிப்போகலாம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஐந்தையும் எழுதி, செய்த திகதியைக் குறித்து, தவறியதை நீங்களே நினைவூட்டுங்கள்.

கடற்கரையிலும் வயலிலும் வெறுங்காலோடு நடப்பவர்கள் நம்மில் அதிகம். உணர்வு குறைந்த பாதத்தில் சிப்பியோ முள்ளோ கிழித்தால் தெரியாது. தினமும் இரவில் பாதத்தின் அடியைப் பார்ப்பதும், சிறு புண்ணையும் அடுத்த நாளே காட்டுவதும் காலைக் காப்பாற்றும். கோணேசர் ஆலயத்துக்கு வெயிலில் செருப்பின்றி நடப்பவர்கள் காலுறையாவது அணிந்துகொள்வது நல்லது.

பதவிசிறிபுர போன்ற, காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் அதிகமுள்ள பகுதிகளில் வாழும் விவசாயிகள், நீரிழிவு இல்லாவிட்டாலும் சிறுநீர், கிரியற்றினின் பரிசோதனைகளைக் கேட்டுப் பெற வேண்டும். அந்த நோய் முதலில் எந்த வலியும் காட்டுவதில்லை.

10. மேல் வைத்தியசாலைக்குப் போகும்போது

கடிதம், கொப்பி, கடைசிப் பரிசோதனை முடிவுகள் ஆகிய மூன்றும் வேண்டும். திரும்பும்போது, என்ன மாற்றினார்கள் என்பதை அங்கேயே எழுதி வாங்கி, ஊர் வைத்தியரிடம் காட்டுங்கள். இந்தப் பதில் குறிப்பு இல்லாவிட்டால் ஊர் நிலையம் பழைய மருந்தையே தொடரும். நிலைமை சீரானதும் மருந்தை ஊரிலேயே பெற அனுமதிக்கும்படி விசேட வைத்தியரைக் கேட்கலாம்.

11. விரதம், கடல், மாரி

நோன்பு பிடிக்க விரும்பும் நீரிழிவு நோயாளி றமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே வைத்தியரிடம் பேச வேண்டும். மருந்தின் நேரமும் அளவும் மாற வேண்டியிருக்கும். சிலர் பிடிக்கவே கூடாது. சீனி 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முறிக்க வேண்டும். கந்தசஷ்டியில் ஆறு நாளும் உபவாசம் இருப்பவர்களுக்கும் இதே ஆயத்தம் பொருந்தும். விரதம் முடிந்த பின் சொல்வதில் பயனில்லை.

பலநாட் படகில் ஆழ்கடலுக்குப் போகும் மீனவர், புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் சொல்லி அதற்கேற்ப மருந்து கேட்கலாம். கடலுக்குப் போவதால் கிளினிக் தவறும் என்றால், குடும்பத்தவர் கொப்பியோடு போய் வாங்க முடியுமா என்பதை முன்கூட்டியே அனுமதி பெற்றுக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கருவாடு, ஊறுகாய், சம்பல் ஆகியவற்றின் உப்பும் இங்கே கணக்கில் வர வேண்டும். நாளுக்கு மொத்தம் 5 கிராம், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி உப்புக்குள் நிற்பது அழுத்தத்தைக் குறைக்க உதவும்.

கார்த்திகை, மார்கழி மழையில் பாதைகள் மறியும் ஊர்களில், ஐப்பசியிலேயே ஒரு வார மருந்தாவது கையிருப்பில் இருக்கும்படி திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

12. பண உதவி

கிளினிக் சிகிச்சைக்கு விண்ணப்பம் தேவையில்லை. உதவித்தொகைக்கு மட்டும் வேறு வழி இருக்கிறது. உறுதிசெய்யப்பட்ட சிறுநீரக நோயாளிக்கு மாதாந்தக் கொடுப்பனவு உண்டு; 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் அது 7,500 ரூபாவிலிருந்து 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வைத்தியசாலையின் உறுதிச் சான்றிதழோடு முதலில் கிராம உத்தியோகத்தரையும் பிறகு பிரதேச செயலகத்தையும் நாடுங்கள். சான்றிதழ் இல்லாமல் படிவத்தை முதலில் கொடுப்பவர்கள்தான் திரும்பத் திரும்ப அலைகிறார்கள்.

இருதயச் சத்திர சிகிச்சை, சிறுநீரக மாற்று போன்ற பெருஞ்செலவுகளுக்கு வறிய குடும்பங்கள் ஜனாதிபதி நிதியத்தில் விண்ணப்பிக்கலாம். 2025 முதல் இதையும் பிரதேச செயலகத்திலேயே கையளிக்கலாம். இதற்காகக் கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. சத்திர சிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடனேயே விண்ணப்பத்தைத் தொடங்குங்கள்.

13. கிளினிக் திகதிவரை காத்திருக்கக் கூடாதவை

நெஞ்சுவலி, ஒரு பக்கக் கை காலில் திடீர் பலவீனம், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல், மயக்கம் ஆகியவற்றுக்கு 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைப் பொறுத்தே சில சிகிச்சைகளைச் செய்ய முடியும்.

நீரிழிவு மருந்து எடுப்பவருக்கு வியர்வை, நடுக்கம், பசி, குழப்பம் வந்தால், விழுங்க முடிந்தவரென்றால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. தெளிந்த பிறகு ஏதாவது உணவு கொடுத்து, நடந்ததைக் கொப்பியில் எழுதி, அடுத்த திகதிக்குக் காத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்தின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.